படக்கதை மாநாடுகளும் கோட்டோவிய ஏடுகளும்: ஆக்கியோன் பெயர் பற்றிய ஒரு வரலாற்று ஆய்வு

அமெரிக்க நாட்டிலும் ஐரோப்பிய நாடுகளிலும் நடைபெறும் படக்கதை மாநாடுகளுக்குச் செல்லும் அன்பர்களுள் பலர், கோடிடாத தடித்த வெள்ளைத் தாள்களால் கட்டப்பெற்ற ஏடு ஒன்றைக் கையோடு கொண்டு செல்வர். மாநாட்டுக் கூடத்தின் ஒரு பகுதியில் நீண்ட மேசைகளின் பின்னே ஓவியர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். 'ஓவியர் வீதி' என்று பொருள்படும் பெயரால் அமெரிக்காவில் அப்பகுதி வழங்குகின்றது. அன்பர் தம் ஏட்டை விரித்து நீட்டித் தாம் விரும்பும் கதைமாந்தரின் பெயரைச் சொல்வர். ஓவியர் அவ்வுருவைச் சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வரைந்து, கீழே தம் கையெழுத்தை இட்டு, பெரும்பாலும் பெறுவோரின் பெயரையும் எழுதித் தருவர். இவ்வாறு பல ஆண்டுகளும் பல ஊர்களும் பல கைகளும் கூடி ஓர் ஏடு நிரம்புகின்றது. இதனைக் கோட்டோவிய ஏடு என்று இக்கட்டுரையில் வழங்குவோம்.

இப்பழக்கத்தைச் சிறுவர் விளையாட்டென்றோ, புகழுடையாரைத் துரத்திக் கையெழுத்து வாங்கும் வேட்கையின் ஒரு கிளையென்றோ கருதி ஒதுக்குதல் எளிது. ஆயின், நடிகரிடம் பெறும் கையெழுத்துக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. நடிகரின் பெயரை உலகம் முன்னமே அறியும். அறிந்ததனாலேயே அவரைத் தேடி வருகின்றது. படக்கதை ஓவியரின் பெயரோ நெடுங்காலம் அச்சேறவில்லை. அவர் தம் கையால் வரைந்த தாளும் அவருக்கு உரியதாக இருக்கவில்லை. பெயரையும் தாளையும் ஒருங்கே இழந்து நின்ற ஒரு தொழிற்கூட்டத்தார் அவ்விரண்டையும் வாசகர் முன்னிலையில் மீளப் பெறத் தொடங்கிய இடம் மாநாட்டு மேசையே என்பது இக்கட்டுரையின் துணிபு. கோட்டோவிய ஏட்டின் வரலாற்றை அந்நோக்கில் காண்பதே ஈண்டுச் செய்யும் முயற்சியாகும்.

முதற்கண் அத்தொழிலின் நிலையைக் கூறுதல் வேண்டும். அமெரிக்கப் படக்கதைப் புத்தகத் தொழில் 1930களின் பிற்பகுதியில் உருப்பெற்றது. கதை எழுதுவோரும் படம் வரைவோரும் பக்கத்திற்கு இவ்வளவு என்னும் கூலிக்கு உழைத்தனர். கூலி கைம்மாறியவுடன் கதையும், கதைமாந்தரும், வரைந்த தாளும் பதிப்பகத்தின் உடைமையாயின. ஜெர்ரி சீகல் என்பாரும் ஜோ ஷஸ்டர் என்பாரும் 1938 ஆம் ஆண்டில் சூப்பர்மேன் கதைமாந்தரின் உரிமை முழுவதையும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்தனர். பதின்மூன்று பக்கக் கதைக்குப் பக்கமொன்றுக்குப் பத்து டாலர் என்பது கணக்கு. அவ்விருவர் பெயரும் பின்னர் அக்கதைகளிலிருந்து நீக்கப்பெற்றன. 1975 ஆம் ஆண்டில், முதுமையும் வறுமையும் எய்திய நிலையில், மற்ற ஓவியர்கள் அவர்க்காகக் குரல் எழுப்பிய பின்னரே அவர்களுக்கு ஆண்டு உதவித் தொகையும் 'படைத்தோர்' என்னும் பெயர்க்குறிப்பும் கிடைத்தன.

அச்சுக்குச் சென்று மீண்ட தாள்களின் கதி இன்னும் இரங்கத்தக்கது. பதிப்பகத்தாருக்கு அத்தாள் அச்சுத்தகடு செய்வதற்குரிய இடைக்கருவி மட்டுமே. தகடு ஆனபின் அது கட்டிடத்தின் மூலையை அடைக்கும் குப்பை. பல தாள்கள் வெட்டி எறியப்பட்டன. சில அலுவலகத்திற்கு வந்தார்க்கு வழங்கப்பட்டன. வரைந்தவர்க்கு மட்டும் திருப்பித் தரும் வழக்கம் இருந்ததில்லை.

பெயர் மறைந்த நிலையில் வாசகர் என் செய்தனர்? அவர்கள் கையைக் கொண்டு ஆளைக் கண்டனர். இதற்குச் சிறந்த சான்று கார்ல் பார்க்ஸ் என்னும் ஓவியர். 1901 இல் பிறந்த இவர் 1942 முதல் 1966 வரை டொனால்டு டக் என்னும் வாத்தின் கதைகளை நூற்றுக்கணக்கில் எழுதி வரைந்தார். ஸ்க்ரூஜ் மெக்டக் என்னும் கருமிச் செல்வனை 1947 இல் படைத்தவரும் இவரே. அக்கதைகள் அனைத்தும் வால்ட் டிஸ்னி என்னும் ஒரே பெயர் தாங்கி வெளிவந்தன. வேறு பலரும் அதே வாத்தை அதே இதழ்களில் வரைந்தனர். எனினும், கூர்ந்து நோக்கிய சிறுவர்கள் ஒருவர் கை மட்டும் தனித்து நிற்பதைக் கண்டனர். பெயர் தெரியாமையால் அவரை 'நல்ல வாத்து ஓவியர்' என்றே குறிப்பிட்டனர். குறுந்தொகையைத் தொகுத்தார்க்கும் இத்தகைய இடர்ப்பாடு நேர்ந்தது என்பதை ஈண்டு நினைவு கூரலாம். பாடினார் பெயர் தெரியாதவழிப் பாட்டில் அமைந்த அரிய தொடரையே அவர்க்குப் பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என வழங்கினர். செயல் ஒன்றே, காலமும் பொருளும் வேறு. ஆனால் வாத்து ஓவியரைத் தேடியவர்க்கு ஒரு நற்பேறு இருந்தது. அவர் உயிரோடு இருந்தார். 1960 ஆம் ஆண்டளவில் விடாமுயற்சியுடைய சில வாசகர் அவர் பெயரையும் முகவரியையும் கண்டறிந்து அவருக்கு மடல் எழுதினர். பதினெட்டு ஆண்டுகள் உழைத்த பின்னரே தம்மை விரும்பிப் படிப்போர் இருக்கின்றனர் என்பதை அவ்வோவியர் நேரே அறிந்தார்.

மடல்கள் கூட்டங்களாக மாறியது எவ்வாறு என்பதையும் நோக்குதல் வேண்டும். அறிவியற்புனைகதை அன்பர்கள் 1930களிலேயே தமக்குள் கையெழுத்துப்படி போன்ற சிற்றிதழ்கள் நடத்தி, 1939 இல் நியூயார்க்கு நகரில் உலக மாநாடு என்னும் பெயரில் கூடினர். அக்கூட்டத்திலிருந்து வந்த ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்பார் பின்னர் டி.சி. பதிப்பகத்தின் ஆசிரியராக அமர்ந்தார். 1960களின் தொடக்கத்தில் அவர் தம் இதழ்களில் வாசகர் மடல்களை வெளியிட்டபோது, எழுதினோரின் முழு முகவரியையும் சேர்த்து அச்சிட்டார். சிறிய செயல்தான், ஆனால் நாடெங்கும் தனித்தனியே இருந்த வாசகர் ஒருவரையொருவர் அறிய அதுவே வழி செய்தது. சிறந்த மடல் எழுதியவர்க்கு மூல ஓவியத் தாள்களையும் கதைப்படிகளையும் பரிசாக அனுப்பியவரும் அவரே. வரைந்தவர்க்குக் கிடையாத தாள் வாசகர்க்குக் கிடைத்தது! இதில் தீய நோக்கம் ஏதும் இருந்ததாகத் தோன்றவில்லை. தாள் யாருடையது என்னும் வினாவே அக்காலத்தில் எழவில்லை போலும்.

டெட்ராய்ட் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியராக இருந்த ஜெர்ரி பெயில்ஸ் 1961 இல் 'ஆல்ட்டர் ஈகோ' என்னும் சிற்றிதழைத் தொடங்கினார். இவர் தம் தொழிலுக்கேற்ப ஆராய்ச்சி மனப்பான்மை உடையவர். எந்தக் கதையை எவர் எழுதினார், எவர் பென்சிலால் வரைந்தார், எவர் மையிட்டார் என்று பட்டியலிடுவதே அவர் பெருவேட்கை. ஓவியர்க்கு வினாத்தாள் அனுப்பி விடை பெற்று, 1973 முதல் 1976 வரை நான்கு தொகுதிகளாக அமெரிக்கப் படக்கதைப் படைப்பாளர் பெயர்க்கோவை ஒன்றை ஹேம்ஸ் வேர் என்பாருடன் சேர்ந்து வெளியிட்டார். அன்பர் என்னும் சொல் ஈண்டு ஆய்வாளர் என்னும் பொருளையும் தழுவி நிற்பதைக் காண்க.

படக்கதைக்கெனக் கூடிய முதற்கூட்டங்கள் 1964 ஆம் ஆண்டின. மே மாதத்தில் டெட்ராய்ட் நகரிலும், சூலைத் திங்கள் 27 ஆம் நாளில் நியூயார்க்கு நகரிலும் அவை நடைபெற்றன. இரண்டையும் கூட்டியவர் பள்ளிப் பருவத்து இளைஞர்கள். நியூயார்க்குக் கூட்டத்திற்கு வந்தோர் சில பதின்மரே. ஆயினும் ஸ்பைடர்மேனின் உருவை முதற்கண் வகுத்த ஸ்டீவ் டிட்கோ அங்கு வந்திருந்தார். அவர் அதற்குப் பின் மாநாடுகளுக்குச் செல்வதைத் தவிர்த்தார். தம் படைப்பே தமக்காகப் பேசும் என்னும் கொள்கையில் 2018 இல் மறையும்வரை உறுதியாக நின்றார். ஓவியரைக் காண்பது வாசகரின் உரிமை என்று கருதுவோர் டிட்கோவையும் எண்ணிப் பார்த்தல் நன்று. மேசைக்கு வருவது ஓவியர் அளிக்கும் கொடை. அதனை மறுக்கவும் அவர்க்கு உரிமை உண்டு.

1965 இல் நியூயார்க்கில் நடந்த மாநாடு வரலாற்று நோக்கில் இன்னும் பெருமதிப்புடையது. பேட்மேன் என்னும் கதைமாந்தர் 1939 இல் தோன்றியது முதல் பாப் கேன் என்பாரின் பெயர் ஒன்றையே தாங்கி வந்தார். பதிப்பகத்தோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கை அத்தகையது. அக்கதைமாந்தரின் தோற்றத்தையும் இயல்பையும் வகுப்பதில் பெரும்பங்கு கொண்டவர் பில் ஃபிங்கர் என்னும் எழுத்தாளர் என்பது தொழிலுக்குள் இருந்தார்க்குத் தெரியும், வாசகர்க்குத் தெரியாது. அவ்வாண்டு மாநாட்டில் ஃபிங்கர் வாசகர் முன் தோன்றிப் பேசினார். பெயில்ஸ் அவரை உசாவித் தாம் அறிந்தவற்றைக் கட்டுரையாக எழுதி அன்பர்களிடையே பரப்பினார். பாப் கேன் சினந்து நீண்ட மறுப்பு எழுதினார். ஃபிங்கர் 1974 இல் இறந்தார். அப்பொழுதும் அவர் பெயர் அச்சேறவில்லை. 2015 ஆம் ஆண்டில்தான் பேட்மேன் படைப்பில் அவர் பெயரும் முறைப்படி இணைக்கப்பெற்றது. ஐம்பது ஆண்டு இடைவெளி! அவ்வழக்கின் முதற்சான்று நீதிமன்றத்திலன்றி ஒரு விடுதிக் கூடத்தில், இளைஞர் சிலர் கூடிய அவையில் பதிவாயிற்று என்பது நோக்கற்பாலது. ஃபிங்கர் எழுத்தாளராதலின் ஏட்டில் வரைந்து தர அவரிடம் ஒன்றுமில்லை. எழுத்தாளர்க்கு மாநாட்டு மேசையில் இன்றளவும் உள்ள குறை இது.

மேற்குக் கரையில் சான் டியேகோ நகர மாநாடு 1970 இல் தொடங்கியது. டெட்ராய்ட் கூட்டங்களில் பழகிய ஷெல் டார்ஃப் என்பார் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கிருந்த இளைஞர் சிலரைத் திரட்டினார். மார்ச்சு 21 இல் ஒருநாள் வெள்ளோட்டமும், ஆகத்து 1 முதல் 3 வரை முழு மாநாடும் யு.எஸ். கிராண்ட் என்னும் விடுதியில் நிகழ்ந்தன. ஆகத்து மாநாட்டிற்கு வந்தோர் ஏறத்தாழ முந்நூற்றுவர். சிறப்பு விருந்தினருள் ஒருவர் ஜாக் கர்பி. கேப்டன் அமெரிக்கா முதலாகப் பலப்பல கதைமாந்தரைப் பிறருடன் சேர்ந்து உருவாக்கிய இவர் வீட்டுக்கே இளைஞர் சென்று அளவளாவுவதுண்டு. அவரும் அவர் துணைவியாரும் வந்தவர்க்கு விருந்தளித்ததைப் பலர் நன்றியுடன் எழுதியுள்ளனர். அம்மாநாடு 1991 முதல் நகரின் பெரிய மாநாட்டு மண்டபத்தில் நடைபெற்று, இந்நூற்றாண்டில் 1,30,000 பேருக்கு மேற்பட்டோர் திரளும் பெருவிழாவாக வளர்ந்துவிட்டது. திரைப்பட நிறுவனங்கள் அதன் பெரும்பகுதியைப் பற்றிக்கொண்டமையால் ஓவியர் வீதி ஒரு மூலைக்குச் சுருங்கியது என்னும் குறை பழைய அன்பரிடையே உண்டு. அக்குறையில் உண்மை இல்லாமலில்லை.

இனி, அம்மேசையில் நிகழும் செயலைச் சற்று அணுகி நோக்குவோம். ஓவியர் முதலில் மெல்லிய பென்சிலால் முட்டை வடிவில் தலையை இடுவார். நெற்றி நடுவிலிருந்து மோவாய்வரை ஒரு கோடும், கண்மட்டத்தில் குறுக்கே ஒரு கோடும் இழுப்பார். தலை எப்பக்கம் திரும்பியுள்ளது என்பதை அவ்விரு கோடுகளே முடிவு செய்யும். பின்னர்த் தூரிகைப் பேனாவால் மையிடத் தொடங்குவார். கருமை நிரப்ப வேண்டிய இடங்களை இறுதியாக நிரப்பி, மை உலர்ந்தபின் பென்சிற் கோடுகளை அழிப்பார். சிலர் அழியாமலே விடுவர். எதிரே நிற்பவர் இவையனைத்தையும் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு நிற்கின்றார். அச்சுப் பக்கத்தில் முடிந்த உருவை மட்டும் கண்டவர், அவ்வுரு எந்த ஒழுங்கில் பிறக்கின்றது என்பதை அங்குத்தான் முதன்முறையாகக் காண்கின்றார்.

இதனினும் நுட்பமான ஒரு செய்தி உண்டு. அமெரிக்கப் படக்கதைப் பக்கம் பெரும்பாலும் ஒருவர் கை வேலையன்று. ஒருவர் பென்சிலால் வரைய, மற்றொருவர் மையிட, வேறொருவர் எழுத்துகளைத் தீட்ட, நான்காமவர் வண்ணம் குறிப்பர். வாசகர் 'கர்பியின் கோடு' என்று போற்றிய பல கோடுகள் மையிட்டவராகிய ஜோ சின்னட் முதலியோரின் கோடுகளே. கர்பியின் பென்சிற்கோடு மையின்கீழ் மறைந்து போயிற்று. ஆதலின் ஓவியர் தாமே தொடங்கித் தாமே முடிக்கும் கோட்டோவியம், அச்சான நூற்றுக்கணக்கான பக்கங்கள் காட்டாத தனிக்கையைக் காட்டுகின்றது. பாடபேத ஆராய்ச்சியில் மூலப்படிக்கு உள்ள மதிப்பை இதற்கும் ஓரளவு கொடுக்கலாம். ஓரளவு என்றது, கூட்ட நெரிசலில் விரைந்து வரைந்ததனை ஓவியரின் முழுத்திறனாகக் கொள்ளுதல் பிழையாகும் என்பது கருதியே.

தொடக்கத்தில் கோட்டோவியம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைத்தது. சிலர் ஏட்டின் எல்லாப் பக்கங்களிலும் ஒரே கதைமாந்தரையே வெவ்வேறு ஓவியர் கையால் வரையச் செய்து, ஒரு பொருள்மேல் பல பாடல் கேட்பதுபோல் மகிழ்ந்தனர். நாளடைவில் மூல ஓவியங்களுக்குச் சந்தை விலை ஏறிற்று. ஏறவே, அன்பரைப் போல் வந்து வாங்கிச் சென்று விற்பவர் தோன்றினர். ஓவியர் கண்ட தற்காப்பு எளிய ஒன்று: பெறுவோரின் பெயரைப் படத்திலேயே எழுதிவிடுதல். பிறர் பெயர் பொறித்த படத்தை விலைக்கு வாங்குவார் குறைவு. பின்னர் ஓவியர் தாமும் கட்டணம் பெறலாயினர்; முன்பதிவுப் பட்டியல் வைத்தனர். இதனை வணிக ஆசை என்று இகழ்வாரோடு நாம் உடன்படுதற்கில்லை. பக்கக் கூலியன்றி ஓய்வூதியமோ மருத்துவக் காப்போ பெரும்பாலும் இல்லாத தொழில் அது. முதுமையுற்ற படைப்பாளர்க்கு உதவுவதற்கென்றே 2000 ஆம் ஆண்டில் ஓர் அறநிதி நிறுவ வேண்டியிருந்தது என்பதே நிலைமையைப் புலப்படுத்தும்.

விலை பெருகவே, தாளும் உருவும் யாருடையவை என்னும் வினா எழுந்தது. தாளைப் பற்றிய வழக்கில் ஓவியர் வென்றனர் எனலாம். நீல் ஆடம்ஸ் முதலிய ஓவியர் வற்புறுத்தியதன் பயனாக, 1970களின் நடுப்பகுதியில் பெரிய பதிப்பகங்கள் இரண்டும் புதிய பக்கங்களின் மூலத்தாள்களை வரைந்தவர்க்கே திருப்பித் தரத் தொடங்கின. பழைய தாள்கள் பற்றிய பூசல் நீடித்தது. 1984 இல் மார்வெல் நிறுவனம் மற்ற ஓவியர்க்கு ஒரு பக்க உறுதிமொழியை அனுப்பிவிட்டுக் கர்பிக்கு மட்டும் நான்கு பக்க உறுதிமொழியை அனுப்பியது. அதில் கையெழுத்திட்டால் 88 பக்கங்கள் தரப்படும் என்றது. அவர் வரைந்தவையோ பல்லாயிரம். தொழிலைச் சேர்ந்த பலர் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். 1987 இல் அவருக்குச் சுமார் இரண்டாயிரம் பக்கங்கள் வந்து சேர்ந்தன. ஏனையவை என்னவாயின என்பதற்கு விடையில்லை. 2022 சனவரியில் 1984 ஆம் ஆண்டின் ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்று, மைக் செக் என்பார் வரைந்தது, ஏலத்தில் 33 இலட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஒருகாலத்தில் குப்பை என்று எறியப்பட்ட பொருளின் மதிப்பு இது.

உருவைப் பற்றிய வழக்கோ வேறு. ஸ்பைடர்மேன் உருவம் பதிப்பகத்தின் உடைமை. அவ்வுருவை ஓவியர் ஒருவர் சிறுவன் ஏட்டில் வரைந்து இருபது டாலர் பெற்றால், சட்டத்தின் நேர்நோக்கில் அது பிறர் உடைமையைப் பயன்படுத்தியதாகும். பதிப்பகங்கள் பொதுவாக இதனைக் கண்டும் காணாமலும் இருந்துவந்தன. அவ்விட்டுக்கொடுப்பே கோட்டோவிய வழக்கத்தின் அடித்தளம்; உரிமையன்று. அஃது எவ்வளவு மெலிந்த அடித்தளம் என்பதை இரு நிகழ்ச்சிகள் காட்டும்.

ஒன்று, மேற்கூறிய பார்க்ஸ் பற்றியது. ஓய்வு பெற்றபின், அன்பர் வேண்டுகோளுக்கிணங்க 1971 இல் அவர் டிஸ்னி நிறுவனத்திடம் இசைவு பெற்று, தம் வாத்துகளை நெய்வண்ண ஓவியங்களாகத் தீட்டி விற்றார். தாமே படைத்த கருமிச் செல்வனை வரைவதற்குத் தாமே இசைவு கேட்க வேண்டியிருந்தது. 1976 இல் பாஸ்டன் நகரில் நடந்த மாநாட்டில் தம் வாசகரை முதன்முறையாகக் கூட்டமாகக் கண்டார். சிறிது காலத்தில், யாரோ ஒருவர் அவ்வோவியங்களின் படிகளை ஒப்புதலின்றி அச்சிட்டு விற்க, நிறுவனம் இசைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வேறொருவர் செய்த குற்றத்திற்கு எழுபத்தைந்து அகவை ஓவியர் தூரிகையைக் கீழே வைத்தார். பின்னர் 1980களின் தொடக்கத்தில் வேறு ஏற்பாட்டால் மீண்டும் வரையும் வாய்ப்புக் கிடைத்தது. அவர் 2000 ஆம் ஆண்டுவரை வாழ்ந்தார்.

மற்றொன்று அண்மைக் காலத்தது. கேரி ஃபிரெட்ரிக் என்னும் எழுத்தாளர் 1972 இல் தோன்றிய கோஸ்ட் ரைடர் கதைமாந்தரை ஆக்கியோருள் ஒருவர். உரிமை கோரி 2007 இல் மார்வெல் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். கீழ்நீதிமன்றத்தில் தோற்றார். நிறுவனம் எதிர்வழக்காடியது: அவர் மாநாடுகளில் கோஸ்ட் ரைடர் படங்களை விற்றமை குற்றம் என்றது. 2012 பிப்ரவரியில், அவர் 17,000 டாலர் கொடுக்க வேண்டும் என்றும், விற்பனை நோக்கத்தோடு தம்மை அக்கதைமாந்தரின் படைப்பாளர் என்று கூறிக்கொள்ளலாகாது என்றும் முடிவாயிற்று. ஆக்கியோன் தன்னை ஆக்கியோன் என்று சொல்லுதற்கே தடை! நம் இலக்கண நூலார் சிறப்புப்பாயிரத்துக்குரிய செய்திகளை அடுக்குமிடத்து ஆக்கியோன் பெயரையே முன்வைத்தனர் என்பதை அறிந்தார்க்கு இத்தடையின் கடுமை விளங்கும். இச்செய்தி பரவியதும் ஓவியர் வீதியில் பெருங்கலக்கம் உண்டாயிற்று. நாளை நம் மேசைக்கும் வழக்கறிஞர் வருவரோ என்று அஞ்சினர். கோட்டோவியங்கள் பற்றிய தம் நடைமுறையை மாற்றும் எண்ணம் இல்லை என்று நிறுவனத்தார் அறிவிக்க நேர்ந்தது. 2013 சூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை நீக்கியது. அவ்வாண்டிலேயே இருதிறத்தாரும் இணக்கம் கண்டனர். சட்டவினா மட்டும் விடைபெறாமலே நின்றது.

பிரான்சு நாட்டில் வழக்கம் வேறு வழியில் வளர்ந்தது. அங்குலேம் நகரில் 1974 சனவரியில் தொடங்கிய விழாவில், ஓவியர் பதிப்பாளரின் கடையில் அமர்ந்து, வாங்கிய நூலின் முன்தாளிலேயே படம் வரைந்து கொடுப்பார். நூலின் விலையன்றி வேறு கட்டணம் இல்லை. அந்நாட்டுச் சட்டம் ஆக்கியோனுக்கும் ஆக்கத்துக்கும் உள்ள தொடர்பைப் பிரிக்கவொண்ணாத ஒன்றாகக் கருதுகின்றது. மூலத்தாளும் பொதுவாக ஓவியர் கையிலேயே இருந்துவந்தது. ஆதலின் அங்கு மேசை, இழந்ததை மீட்கும் இடமாக அன்றி விருந்தோம்பும் இடமாகத் தோன்றியது. எனினும் விருந்தோம்புவார்க்கும் வயிறு உண்டு. நாள் முழுதும் வரைந்து பதிப்பாளர் நூல்களை விற்றுக் கொடுக்கும் ஓவியர்க்கு அந்நாளின் ஊதியம் ஏது என்னும் கேள்வி வலுத்தது. பிரெஞ்சு அரசு வேண்ட, புரூனோ ரசீன் என்பார் 2020 சனவரியில் அளித்த அறிக்கை, விழாக்களில் பங்குகொள்ளும் படைப்பாளர்க்கு ஊதியம் வழங்குதல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. பெயர் இருந்தும் பொருள் இல்லாத நிலை இது. அமெரிக்க ஓவியரும் பிரெஞ்சு ஓவியரும் எதிரெதிர்த் திசைகளிலிருந்து ஒரே மேசைக்கு வந்து சேர்ந்தனர் எனலாம்.

தமிழ் வாசகரோடு இவ்வரலாறு தொடர்புறும் இடம் ஒன்று உண்டு. பிரிட்டன் நாட்டுச் சிறுவர் வார இதழ்களில் எழுதுவோர் பெயரையும் வரைவோர் பெயரையும் அச்சிடும் வழக்கம் பொதுவாக இருந்ததில்லை. 1977 இல் தோன்றிய '2000 ஏ.டி.' என்னும் இதழே அவ்வழக்கத்தை உடைத்தது. அவ்விதழ்களுள் ஒன்றாகிய 'வேலியண்ட்', 1962 முதல் எஃகுக் கை கொண்ட ஒருவனின் கதையை வெளியிட்டது. கையொழிய மற்றை உடல் முழுதும் மறையும் அவனை வரைந்தவர் எசுப்பானியராகிய ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாவில் இருந்து வரைந்து இலண்டனுக்கு அனுப்பிய ஓவியர் அவர். சிவகாசியிலிருந்து 1972 இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி' என்னும் பெயரில் அக்கதையையே தமிழில் தந்தது. ஊர்தோறும் சிறுவர் அதனைக் கிழியும்வரை கைமாற்றிப் படித்தனர். நிழலும் ஒளியும் கலந்த பிளாஸ்கோவின் தூரிகை வீச்சைத் தமிழ்ச் சிறுவர் கண்கள் நன்கு அறியும். அவர் பெயரை அறிய மூல இதழிலேயே வழியில்லை. சீகலும் ஷஸ்டரும் எதிர்கொண்ட மறைப்பு இரண்டு கடல் கடந்து இங்கும் வந்து சேர்ந்தது. பிளாஸ்கோ 1995 இல் காலமானார். அவருடைய பெயரைத் தமிழ் அன்பர்கள் பின்னாளில் அயல்நாட்டு அன்பர் தொகுத்த பட்டியல்களிலிருந்தே தெரிந்துகொண்டனர்.

கோட்டோவிய ஏடுகள் இப்பொழுது மெல்ல மெல்ல நூலகங்களின் கவனத்தைப் பெறுகின்றன. ஓகையோ மாநிலப் பல்கலைக்கழகம் 1977 இல் மில்டன் கானிஃப் என்னும் ஓவியரின் தாள்களைக் கொண்டு தொடங்கிய தொகுப்பு, கேலிச்சித்திரத்துக்கும் படக்கதைக்கும் உரிய பெரும் ஆய்வு நூலகமாக வளர்ந்துள்ளது. தனியார் கைகளில் உள்ள ஏடுகள்தாம் மிகுதி. ஏட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓவியர் பெயரும், பெரும்பாலும் நாளும் ஊரும், பெற்றவர் பெயரும் ஒருங்கே அமைந்துள்ளன. அச்சான இதழ் மறைத்த செய்திகள் அவை. உடையவர் இறந்தபின் ஏலக்காரர் அவ்வேடுகளைத் தாள்தாளாகப் பிரித்து விற்பதுண்டு. பிரித்தபின் எந்த ஓவியர் எவருக்குப் பக்கத்தில் அமர்ந்து, எவர் வரைந்ததைக் கண்டு அடுத்த பக்கத்தை வரைந்தார் என்பதை அறிய இயலாது. முழு ஏடுகள் கிடைக்கும்போதே அவற்றைப் பக்க வரிசை மாறாமல் படியெடுத்து வைத்தல் இத்துறையில் உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும்.